இரண்டு எஞ்சினும் ஒரு வெள்ளைக் கோட்டும்

1. வாத்தியாருக்கு இருக்கையில்லை

நான் இரட்டை எஞ்சின் பிளேன் பழகப் போன முதல் நாள், என்னைப் பழக்க வந்தவவுக்கு இருக்க இடம் இருக்கவில்லை.

இப்போது பழகுகிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. உங்களுடைய பிளேன்களில் முன்னுக்கு இரண்டு இருக்கை, இரண்டு பிடி, இரண்டு சோடி மிதி. நீங்கள் பிழை விட்டால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய பிடியைப் பிடித்துத் திருத்திவிடுவார். எங்களுடைய பிளேனின் மூக்குக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம். பழக்குகிறவர் பின்னால் குனிந்தபடி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரிடம் இருந்த கருவிகள் இரண்டே இரண்டு. வாயால் கத்தலாம், கையால் என் தோளில் அடிக்கலாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம். பலாலி விமானத் திடலில் விமானப்படைக்காரர் இருந்த காலத்தில் நான் அங்கே பிற்றர் வேலை பார்த்தேன், லொறி எஞ்சினும் பிளேன் எஞ்சினும் கழற்றிப் பூட்டுகிற வேலை. பிறகு கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானைக்குப் போய் ஒற்றை எஞ்சின் ஓட்டுகிற லைசென்சும் எடுத்துவிட்டேன். வயது முப்பத்திமூன்று. சுருட்டு வியாபாரி முருகேசர் ஒரு பழைய இரட்டை எஞ்சின் பிளேனை வாங்கி, பலாலியிலிருந்து திருச்சிக்கு ஆட்களை ஏற்றி இறக்க அனுமதியும் எடுத்திருந்தார். மேலும் கீழுமாய் இரண்டடுக்குச் செட்டை, மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. உள்ளே ஏழு பேர் இருக்கலாம். அதை ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருநாள் ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

முருகேசர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி செல்லத்துரை, உனக்கு ஒரு எஞ்சின் ஓட்டத் தெரியும்தானே? மற்றதையும் பழகிவிடு. அதிலை என்ன கிடக்கு?"

"பழக்க ஆள் வேணுமே, முதலாளி."

"ஆள் பிடிச்சிட்டன். மூண்டு கிழமைதான் நிப்பாராம். மூண்டு கிழமை முடிய கொழும்பிலையிருந்து பரீட்சகர் வாறார். நீ பாஸ் பண்ணாட்டி மதராசிலை ஒருத்தன் பிளேனைக் கேக்கிறான், குடுத்திடுவன். நீ திரும்ப லொறி கழட்டப் போகலாம்."

அடுத்த நாள் காலமை திடல் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளில் வந்து இறங்கினா. காற்சட்டை போட்டிருந்தா. தலையில் ஒரு துவாயைச் சுற்றியிருந்தா. வயது இருபத்தியேழுக்கு மேல் இராது. முருகேசர் அவவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொம்பிளையோ?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார், அவவுக்குத் தமிழ் விளங்காது என்ற நம்பிக்கையில்.

"ஓம் ஐயா, பொம்பிளைதான்," என்றா அவ. "பிளேனுக்கு உது தெரியாது."

அவ மானிப்பாயில் இருந்த ஒரு மிஷன் டொக்டரின் மகள். அங்கேயே பிறந்து, ஊர்ப் பிள்ளைகளோடு மாங்காய்க்குக் கல்லெறிந்து வளர்ந்தவ. யுத்த காலத்தில் இங்கிலாந்தில், தொழிற்சாலையில் செய்து முடித்த பிளேன்களை எடுத்துத் திடல் திடலாய்க் கொண்டுபோய் விடுகிற வேலை பார்த்திருக்கிறா. அதில் பாதி இரட்டை எஞ்சின். தகப்பனைப் பார்க்க மூன்று கிழமை லீவில் வந்த இடத்தில் முருகேசர் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரில் 'ஈடித்' என்று மட்டும் பார்த்துவிட்டு ஆண்பிள்ளை என்று நினைத்திருந்தாராம். நாங்கள் ஈடித் மிஸ் என்போம். அவ என்னை அண்ணை என்றா.

2. இரண்டு திரொட்டில்

ஒற்றை எஞ்சினில் திரொட்டில் ஒன்று. தள்ளினால் வேகம், இழுத்தால் ஆறுதல். இதில் இரண்டு பிடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடதைக் கூடத் தள்ளினால் பிளேன் வலப்பக்கம் திரும்பும். வலதைக் கூடத் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். சொல்ல எவ்வளவு சுகம்! முதல் நாள் முழுக்க நான் நிலத்தை விட்டு எழும்பவில்லை. நேரே போக வெளிக்கிட்டால் பிளேன் வட்டமடித்தது. வட்டத்தை நிற்பாட்ட மற்றத் திரொட்டிலைத் தள்ளினால் மற்றப் பக்கத்துக்கு வட்டமடித்தது. செம்மண் புழுதி பனை உயரத்துக்கு எழும்பியது. வேலிக்கு அங்காலே புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கமக்காரர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு எண்ணத் தொடங்கினார். "தம்பி, ஒன்பது சுத்து முடிஞ்சுது! வீதி வலம் வந்தது போதும், இனிக் கோயிலுக்குள்ளை போம்!"

பின்னால் ஈடித் மிஸ் சிரித்துச் சிரித்து நிலையில் தலையை இடித்துக்கொண்டா. எனக்கும் சிரிப்பு. சிரித்ததில் கை தளர்ந்தது, இரண்டு திரொட்டிலும் தாமாக ஒரே அளவில் நின்றன, பிளேன் நூல் பிடித்தது போல நேரே ஓடியது.

"உதுதான், அண்ணை! உப்பிடியே!" என்று கத்தினா. "பிளேனை நெரிச்சுப் பிடியாதேங்கோ. கோழிக்குஞ்சு பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ."

மூன்றாம் நாள் எழும்பினோம். ஒற்றை எஞ்சினின் சத்தம் முன்னால் இருந்து வரும். இதில் ஒரு காதுக்கு ஒரு எஞ்சின். இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை 'வௌவ்... வௌவ்...' என்று ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். திரொட்டிலை ஒரு நெல்லளவு நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து ஒரே சுருதியாகிவிடும். மாவிட்டபுரம் கோபுரம் கீழே போனது, காங்கேசன்துறை வெளிச்சவீடு கீழே போனது, பிறகு வெறும் கடல். நான் பலமாகச் சிரித்திருக்க வேண்டும்.

"என்னண்ணை சிரிக்கிறியள்?"

"தெரியேல்லை, மிஸ்!"

"எனக்கும் முதல் நாள் உப்பிடித்தான். பிறகு வயித்தைப் பிரட்டிச் சத்தியெடுத்தனான்."

இறங்கும்போது நான்கு முறை துள்ளினோம். ஐந்து என்று கமக்காரர் சொன்னார். ஒன்று எனக்குத் தெரியவில்லை.

3. செத்த கால்

இரட்டை எஞ்சின் பழகுவது என்றால் உண்மையில் ஒரு எஞ்சினோடு ஓட்டப் பழகுவதுதான். இரண்டும் ஓடும்போது எவரும் ஓட்டலாம்.

இடது எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். வலது எஞ்சின் மட்டும் இழுக்கும். மூக்கு இடப்பக்கம் ஓடும். அதை நேரே பிடிக்க வலது காலால் மிதியை அமத்த வேண்டும். அப்போது இடது காலுக்கு வேலையில்லை, அது செத்துப்போய்க் கிடக்கும். எந்தக் கால் செத்ததோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. அவசரத்தில் கண் பொய் சொல்லும், காது பொய் சொல்லும், கால் சொல்லாது. இதுதான் பாடம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் மேலே போனதும் எனக்கு விளங்காமல் போய்விடும்.

ஈடித் மிஸ் சொல்லாமல் கொள்ளாமல் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி ஒரு திரொட்டிலை இழுத்துவிடுவா. பிளேன் ஒரு பக்கம் வழுக்கும். நான் பிழையான காலை அமத்துவேன். பிளேன் இன்னும் வழுக்கும்.

நிலத்தில் நிற்கும்போது நான் அண்ணை, நீங்கள். எஞ்சினை இழுத்ததும் முதலில் 'அண்ணை' போகும். "வலது கால், வலது கால் அமத்துங்கோ!" அடுத்த நொடி 'நீங்கள்' போகும். "அமத்தும்! ஏன் பாத்துக்கொண்டிருக்கிறீர்?" அதற்கும் நான் சரிவராவிட்டால், "டேய்! அமத்தடா! கடலுக்கையே விடப்போறாய்?" என்று தோளில் ஓர் அடி விழும். இறங்கி எஞ்சினை நிற்பாட்டியதும், "அண்ணை, தேத்தண்ணி குடிப்பமோ?" என்பா. மாங்காய்க்குக் கல்லெறிந்த வாய் அது.

நான் கண்ட இடத்திலெல்லாம் பழகினேன். வீட்டில் கதிரையில் இருந்து இரண்டு செங்கட்டியை மிதியாக வைத்துக்கொண்டு, மனுசி சிவபாக்கியத்தைப் பக்கத்தில் இருத்தி, "இடது" அல்லது "வலது" என்று சொல்லச் சொன்னேன். அவ சொதிக்குத் தேங்காய் துருவியபடியே "இடது" என்பா. நான் வலது காலால் செங்கட்டியை உதைப்பேன். மூன்றாம் நாள் செங்கட்டி உருண்டு துருவுபலகையில் முட்டி, தேங்காய்ப்பூ நிலத்தில் கொட்டியது.

"உங்கடை எஞ்சின் நிண்டுதோ இல்லையோ தெரியாது, உங்களுக்கு இண்டைக்குச் சொதி இல்லை," என்றா.

பஸ்ஸிலும் இதே வேலைதான். யாழ்ப்பாணம் போகிற வழியில் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சப்பாத்தை இரண்டு தரம் மிதித்தேன். "காலிலை இழுப்பு வருத்தமோ, தம்பி?" என்று அவர் கவலையோடு கேட்டார்.

இரண்டாம் கிழமை முடிவில் ஒருநாள், அவ வலது திரொட்டிலை இழுத்தா. என் இடது கால் தானாக அமத்தியது. பிளேன் நேரே போனது. நான் அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை.

"சரி, அண்ணை," என்றா. எஞ்சினை இழுத்த பிறகும் அவ என்னை அண்ணை என்றது அன்றுதான் முதல்தரம்.

அடுத்த நாள் தனியே விட்டா. பின்னால் ஆளில்லாமல் வெறுமையாய்ப் போனால் பாரம் சரிவராது என்று உள்ளே ஆறு மூட்டை வெங்காயம் ஏற்றிக் கட்டினோம். ஆறு மூட்டையும் நானுமாய் எழும்பினோம். கீரிமலைக் கேணியில் குளித்தவர்கள் துவாயை ஆட்டினார்கள். காரைநகர்ப் பக்கம் போய்த் திரும்பி, எங்கள் வீட்டுக்கு மேலால் மிகத் தாழப் பதிந்து ஒரு வட்டம் போட்டேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டபடி சிவபாக்கியம் நின்றா. நான் செட்டையை இரண்டு பக்கமும் ஆட்டினேன், வெங்காய மூட்டைகளைப் பார்த்து "அதுதான் என்ரை மனுசி!" என்று கத்தினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, "கண்டனியோ?" என்று கேட்டேன்.

"கண்டனான். காத்துக்கு மிளகாயெல்லாம் பறந்திட்டுது," என்றா.

4. வெள்ளைக் கோட்டு

பரீட்சை நாள். நான் இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்புக் கதை. இனிச் சொல்வதைத்தான் பழகுகிற பிள்ளைகள் கவனமாக வாசிக்க வேண்டும்.

பரீட்சைக்கென்று பெரியகடைத் தையல்காரரிடம் வெள்ளை டிறில் துணியில் ஒரு கோட்டு தைப்பித்திருந்தேன். பித்தளைப் பொத்தான் ஆறு. காலமை அதைப் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனபோது நிலத்தில் கால் படாத மாதிரி இருந்தது.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் பின்னால் தனித்தனிப் பெற்றோல் தாங்கி. தினமும் பறக்கமுன், எஞ்சினுக்குக் கீழே படுத்து, தாங்கியின் அடியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் கொஞ்சம் பெற்றோல் வடித்துப் பார்க்க வேண்டும். பெற்றோலுக்குள் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிஷ வேலை. நான் குந்தியிருந்தபடி இடது பக்கத்தை வடித்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் கோட்டுக் கையில் பெற்றோல் தெறித்துவிட்டது. கைலேஞ்சியால் துடைத்தேன், போகவில்லை. வலது பக்கத்துக்குப் போனேன். அங்கே நிலம் ஈரமாக இருந்தது. கோட்டைப் பார்த்தேன். 'இடது சுத்தம் என்றால் வலதும் சுத்தம்தானே' என்று எழும்பிவிட்டேன். முந்தின நாள் பின்னேரம் வலது தாங்கியை வேறு பீப்பாயிலிருந்து நானே நிரப்பியது எனக்கு நினைவு வரவில்லை.

பரீட்சகர் கொழும்புப் பறங்கியர். மெலிந்த மனிதர், கதை குறைவு. அவர் பேசியது இங்கிலிசில், நான் தமிழில் எழுதுகிறேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார். ஈடித் மிஸ் உள்ளே கடைசியில் இருக்கலாம், ஆனால் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, சொன்னால் பரீட்சை செல்லாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவ பாரத்துக்கு வைத்த வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தா.

எழும்பினது நல்லது. திரும்பினது நல்லது. காங்கேசன்துறைக்கு வடக்கே, கடலுக்கு மேல் இரண்டாயிரம் அடியில், "வலப்பக்கம் நன்றாகச் சரித்துத் திரும்பும்," என்றார். திரும்பி நேரே வந்ததும், எதிர்பார்த்த மாதிரியே அவருடைய கை என் தோளுக்கு மேலால் வந்து இடது திரொட்டிலை இழுத்தது. என் வலது கால் தானாக அமத்தியது. 'இடது கால் செத்தது, இடது எஞ்சின் செத்தது' என்று பலமாகச் சொன்னேன். மனதுக்குள் ஒரே குதூகலம். பாஸ், பாஸ், பாஸ்!

அப்போது வலது எஞ்சின் தும்மியது.

இன்னொரு தரம் தும்மியது. பிறகு நின்றுவிட்டது.

அந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியாது. செட்டைக் கம்பிகளில் காற்று 'ஸ்ஸ்' என்றது. மூக்கு கீழே போனது. பரீட்சகரின் கை இன்னும் இடது திரொட்டிலைப் பிடித்தபடி இருந்தது. அந்த மனிதர் திகைத்துப்போய்விட்டார், கை எடுபடவில்லை. ஓடக்கூடிய ஒரே எஞ்சின் அந்தக் கைக்குள் இருந்தது.

"கையை எடடா!" என்று தமிழில் கத்தி, அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி போட்டேன். கை போனது. இடது திரொட்டிலை முழுக்கத் தள்ளினேன். இடது எஞ்சின் ஒரு கணம் யோசித்துவிட்டு உறுமியது. பிளேன் உடனே வலப்பக்கம் வழுக்கியது. ஒரு நிமிஷத்துக்கு முன் செத்த கால் இடது. இப்போது வலது. நான் யோசிக்கவேயில்லை. கால்கள் தாமாக மாறிக்கொண்டன.

கரை மூன்று மைல். ஒரு எஞ்சினில் எங்கள் பிளேன் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகும். ஆயிரத்தைந்நூறு. ஆயிரத்திருநூறு. இடது காலை மிதியில் முழுக்க ஊன்றிப் பிடித்தேன். பின்னால் ஈடித் மிஸ் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'டேய்' என்று ஒருதரமாவது கத்தமாட்டாவோ என்று மனம் ஏங்கியது. வெளிச்சவீடு இடப்பக்கம் போனது. தொள்ளாயிரம். பனைகள். புகையிலைத் தோட்டம். திடல்.

ஒருதரம்தான் இறங்கலாம், தவறினால் திரும்ப எழும்ப முடியாது. வேலிக்கு மேலால் வந்ததும் திரொட்டிலை மெதுவாக இழுத்தேன். சில்லு நிலத்தில் பட்டதே தெரியவில்லை. ஒரு துள்ளலும் இல்லை. என் சீவியத்தில் அப்படி ஒருநாளும் இறங்கியதில்லை.

நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பரீட்சகர் சிவந்த கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஈடித் மிஸ் ஒரு வெங்காய மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி இருந்தா. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மிஸ், அழுறியளோ?"

"வெங்காயம், அண்ணை," என்றா.

5. கேள்வி

முருகேசர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பரீட்சகர் வலது எஞ்சினுக்குக் கீழே போய்க் குந்தி, தாங்கிக் குழாயைத் தானே திறந்து, போத்தலில் பிடித்தார். போத்தலில் கால்வாசி தண்ணீர். மாரி முழுக்க வெளியில் நின்ற பீப்பாயின் தண்ணீர். நாங்கள் சரிந்து திரும்பியபோது அது எஞ்சினுக்குப் போய்விட்டது.

"காலையில் இதை வடித்துப் பார்த்தீரா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற முருகேசர், ஓம் என்று சொல்லும்படி எனக்குத் தலையை ஆட்டினார். ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். சொல்லியிருக்கலாம். 'பார்த்தேன், அப்போது இருக்கவில்லை' என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஈடித் மிஸ்ஸைப் பார்த்தேன். அவ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தா. அது என்னுடைய கேள்வி, என்னுடைய மறுமொழி.

"இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்க்கவில்லை," என்றேன்.

"ஏன்?"

"கோட்டு ஊத்தையாகிவிடும் என்று."

முருகேசர் தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். பரீட்சகர் கனநேரம் கோட்டைப் பார்த்தார். பிறகு கடதாசியில் என்னவோ எழுதினார்.

"ஓட்டத்தில் உமக்குப் பிழை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை," என்றார். "ஓடமுன் நீர் ஃபெயில். நாளைக்கு நான் கொழும்பு போக வேண்டும். காலை ரயிலை விட்டுவிட்டுப் பின்னேர ரயிலில் போகிறேன். காலை ஆறு மணிக்கு முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும். இந்தக் கோட்டோடு வரக்கூடாது."

அடுத்த நாள் பழைய காக்கிச் சட்டையோடு, முதுகு செம்மண்ணில் கிடக்க, இரண்டு பக்கமும் வடித்தேன். பழைய பெற்றோலை முழுக்க இறக்கி, புதிதை இரண்டு தரம் வடிகட்டி ஊற்றியிருந்தோம். பரீட்சகர் பக்கத்தில் நின்று போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே போனதும் ஒரு திரொட்டிலை இழுத்துவிட்டு, கையை உடனே தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். பாஸ்.

அந்தக் கிழமையே ஈடித் மிஸ்ஸின் லீவு முடிந்தது. கொழும்பில் கப்பல். ரயிலில் ஏன் போக வேண்டும், இரத்மலானைக்குப் பிளேனிலேயே கொண்டுபோய் விடு என்றார் முருகேசர். அப்படித்தான் என்னுடைய லைசென்சில் முதல் பயணி அவ.

அவ நின்ற இடத்தில் அன்றைக்கு ஒருவரும் இல்லை. பின்னால் யன்னல் ஓரமாகக் கதிரையில் இருந்தா. வழி நெடுக ஏதாவது சொல்லுவா, ஏதாவது பிழை பிடிப்பா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மன்னார் தாண்டியும் சத்தமில்லை. என்ன நடந்ததோ என்று திரும்பிப் பார்த்தேன். தலையை யன்னலில் சாய்த்து, வாயைத் திறந்தபடி, நல்ல நித்திரை.

பிறகு இருபத்தெட்டு வருஷம் ஓட்டினேன். எத்தனையோ கடதாசி, எத்தனையோ முத்திரை வந்தது. ஆனால் ஒரு பைலற் எடுக்கக்கூடிய ஆகப் பெரிய சான்று அந்த நித்திரைதான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இருப்பவர்கள் நாங்கள் மேலே காட்டுகிற கெட்டித்தனத்தை நம்பிக் கண்ணை மூடுவதில்லை. அவர்கள் ஏறமுன், எவரும் பார்க்காத நேரத்தில், நாங்கள் நிலத்தில் படுத்துக் கிடந்து பார்த்திருப்போம் என்று நம்பித்தான் மூடுகிறார்கள். பிள்ளைகளே, அந்த ஐந்து நிமிஷத்தை எந்தக் கோட்டுக்காகவும் விடவேண்டாம்.

புத்தளத்துக்கு மேலே பாதையை மாற்றித் திரும்ப வேண்டியிருந்தது. அவ எழும்பிவிடாதபடி, நான் மிக மிக மெதுவாகத் திரும்பினேன்.